மஞ்சத்தண்ணி

இளம்பிள்ளையில் பொழுது சாய்கிறது. போனுக்குள் பாஸ்டனில் காலை வெயில் ஏறுகிறது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், கலைமணி போனைக் காதுக்கும் கண்ணுக்குமாக மாற்றிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். மகள் சுகன்யா இருப்பது நூறு வருடத்துக்கு முன்பு இத்தாலிக்காரர்கள் வந்து குடியேறிய தெரு. அவள் போய் ஒரு வருடமாகியும் அங்கே ஒருத்தர்கூட முகம் கொடுத்துப் பேசியதில்லை. இன்று அவர்களுடைய மாதா ஊர்வலம். செங்கல் சுவர்களுக்கு நடுவே, நாலு பேர் தோளில் மாதா அசைந்து அசைந்து வருகிறாள். “சாமி வாசலுக்கு வருது, சும்மாவா நிக்கற? தூக்கிட்டு வாரவங்க காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்து கண்ணு” என்று கத்துகிறாள் கலைமணி. “அய்யோ, இங்க அதெல்லாம் பண்ண மாட்டாங்கம்மா.” “வெயில்ல வாராங்க. காலு குளுரட்டும், ஊத்து.” படம் குலுங்குகிறது, போன் படிக்கட்டில் சாய்ந்து நிற்கிறது. சுகன்யா உள்ளே ஓடி, மஞ்சள் கரைத்த குடத்தோடு இறங்குகிறாள். முன்னால் வரும் நரைத்த ஆளின் பளபளக்கும் கறுப்பு ஷூமேல் மஞ்சள் தண்ணீர் சளசளவென்று விழுகிறது. பேண்டு வாத்தியம் நின்றுவிடுகிறது. தெருவே அவளைப் பார்க்கிறது. “நானே சொல்லிக் கெடுத்துப்போட்டனே” என்று கலைமணி வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்த ஆள், தோளில் மாதாவின் பாரத்தோடு, குனிந்து தன் ஷூவைப் பார்க்கிறார். பிறகு நனையாத காலை முன்னால் நீட்டுகிறார்.