ஒன்பதாம் வாரப் பாடம்

"எலக்ட்ரீஷியன் படிப்புல இப்ப முக்கால்வாசி நேரம் செய்முறைதான் சார்" என்று பாடத்திட்டப் பொறுப்பாளரம்மா பெருமையாகச் சொல்லி முடிக்கவும், கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

மின்விசிறி ஓய்ந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி, கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

"கரண்ட் வேலை கத்துக்கொடுக்குற இடத்துலயே கரண்ட் இல்லையாம்மா?"

மூன்று மாதம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, ஏட்டுப் பாடத்தைக் குறைத்துச் செய்முறையைக் கூட்டியவர் பொறுப்பாளரம்மாதான். இன்று கையெழுத்து விழாவிட்டால் இந்தப் படிப்பையே இழுத்து மூடிவிடுவார்கள். பார்த்த வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த முப்பது பேர் நடுத்தெருவில் நிற்பார்கள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆக, கோளாறு இங்கேதான்.

மின்சாரப் பிரிவு ஆசிரியர் சுவரோரமாகக் கை கட்டி நின்றார். கூரை இடிந்து விழுந்தாலும் "எந்தக் கூரை?" என்று கேட்கிற மனிதர். அவர் வாய் திறப்பதற்குள், வராந்தாவில் காத்திருந்த மாணவர்கள் எழுந்துவிட்டார்கள். முன்னால் போனவர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். வகுப்பு முழுவதற்கும் அக்கா.

பயிற்சி நிலையக் கட்டடத்தில் நான்கு மின்பெட்டிகள் இருந்தன. மூன்றை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டெஸ்டரைக்கூட பெஞ்சிலேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு நேராக மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டிக்குப் போனார்கள். நான்கே நிமிடத்தில் மின்விசிறி சுற்றியது.

"நியூட்ரல் வயர் லூசா இருந்துச்சு சார். டைட் பண்ணிட்டோம்" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

அதிகாரி எதையோ நினைத்துக்கொண்டு பாடத்திட்டக் கோப்பைப் புரட்டினார். 'ஒன்பதாம் வாரம்: கோளாறு கண்டுபிடித்தல்' என்று இருந்தது. சுவர்க் காலண்டரைப் பார்த்தார். படிப்பு தொடங்கி இது ஒன்பதாம் வாரம்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! வேணும்னே கரண்டை நிறுத்தி, என் கண்ணு முன்னாலயே பாடம் நடத்திக் காட்டிட்டீங்களே! பாடத்திட்டம்னா இப்படில்ல இருக்கணும்!"

பொறுப்பாளரம்மா பதிலுக்குச் சிரித்து வைத்தார். சிரிப்பது பொய் சொல்வதாகாது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கையெழுத்து விழுந்தது. அதோடு விடாமல் அதிகாரி கீழே இன்னொரு வரியும் எழுதிவிட்டு நிமிர்ந்து சொன்னார்.

"எங்க ஆபீஸ் கட்டடம் முழுக்கப் புதுசா வயரிங் பண்ணணும். திங்கக்கிழமையிலேர்ந்து இந்த வகுப்பையே அனுப்புங்க. ஏழு மாடி. ரெண்டு லிஃப்ட் இருக்கு, அதையும் ஒரு கை பார்க்கட்டும்."

கார் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், பொறுப்பாளரம்மா ஆசிரியரிடம் ஓடினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா சார்? எனக்கு உயிரே போயிடுச்சு! ஆனாலும் என்ன நேரம் பார்த்து அந்த வயரைக் கழட்டிவிட்டீங்க!"

"நான் எதையும் கழட்டலையே மேடம்" என்றார் ஆசிரியர்.

"அப்புறம் எப்படி அவ்வளவு சீக்கிரமா, சரியா அந்தப் பெட்டிக்கே போனாங்க?"

ஆசிரியர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

"எட்டாம் வாரப் பாடம் வயரிங். அந்தப் பெட்டியை மாட்டினதே அவங்கதான் மேடம்."