சிவபாலன் வண்டிக்கு முதல் உதை

பதினோராவது உதைக்கும் வண்டி கிளம்பவில்லை. முருகானந்தத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வெளியே காட்டிக்கொள்வாரா? அதிலெல்லாம் கெட்டிக்காரர். அடடா என்று உச்சுக்கொட்டிவிட்டு, கொட்டகைத் தூணில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

காரைக்கால்மேட்டில் படகு என்ஜின் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான்.

உதைக்கிற சிவபாலன் அவர் மனைவி உமாமகேஸ்வரியின் தம்பி. டவுனில், ஆபீஸில், கம்ப்யூட்டர் தட்டுகிறவன். சைக்கிள் செயின் கழன்றால்கூட உருட்டிக்கொண்டு இவர் பட்டறைக்கு வந்து நின்ற பயல்.

அவன்தான் வலை வைக்கிற தகரக் கொட்டகையை ஒழித்துப்போட்டு, ஒரு பழைய புல்லட்டைச் சேர்த்துக் கட்டியிருந்தான். நாகூர் காயலான் கடையில் ஃப்ரேம். மாயவரத்தில் டேங்க். கும்பகோணத்தில் என்ஜின். விழிதியூரில் யாரோ கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த மட்கார்டு. ஒன்றரை வருஷம் பாடுபட்டான். கற்றுக்கொண்டது எங்கே? செல்போனில், வீடியோ பார்த்து!

அதுகூடப் போகட்டும். நன்றாகச் செய்துவிட்டானே, அதுதான் பொறுக்கவில்லை. ஒரு ஒயர் தொங்கவில்லை. ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. மீன் ஏலத்தில் இவர் காதுபடவே பேசினார்கள், சிவபாலனுக்கு என்ன கைராசி பார் என்று. கைராசியாம்! வீட்டுக்கு வந்தால் உமா வேறு, சோற்றைப் போட்டுக்கொண்டே என் தம்பி, என் தம்பி என்று ஒரே பாட்டு.

வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதனால்தான் போன வாரம் அவன் கண்டென்சர் கேட்டு வந்தபோது, டப்பாவில் கிடந்த செத்த கண்டென்சரை மண்ணெண்ணெயில் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார். சுண்டுவிரல் அளவு சாமான்தான். ஆனால் அது செத்திருந்தால் பிளக்கில் பொறி சரியாக வராது. மேலும் கீழும் குதித்தாலும் வண்டி ஓடாது.

நல்ல கண்டென்சர் இப்போது அவர் சட்டைப் பையில் இருந்தது. இன்னும் நாலு உதை உதைக்கட்டும். சனம் சலித்துப்போகட்டும். அப்புறம் இவர் போய்க் குனிவார், மாற்றுவார், ஒரே உதைதான். மெக்கானிக் யார் என்று ஊர் பார்த்துக்கொள்ளும்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் காத்துக்கிடந்தது. சொந்தபந்தம் இருபது பேர் நின்றார்கள். உமா தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாவது உதையோடு சிவபாலன் இறங்கினான். முகமெல்லாம் வியர்வை.

"நம்மால ஆவாது மச்சான். நம்ம வீட்ல எந்தப் புது என்ஜினா இருந்தாலும் நீங்கதானே மொதல்ல முடுக்குவீங்க? வாங்க, நீங்களே ஒரு உதை விடுங்க."

வாடா மகனே, வந்தாயா வழிக்கு! முருகானந்தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனார்.

எந்த என்ஜினிடம் போனாலும் முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பது அவர் பழக்கம், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

சுட்டது.

தகரக் கூரை இறக்கிய சூடு இல்லை. பதினைந்து உதையில் வருகிற சூடும் இல்லை. ஓடி நின்ற என்ஜின் எப்படிச் சுடும் என்று அவருக்குத் தெரியாதா? இந்த வண்டி அரைமணி நேரத்துக்கு முன்னால், சனம் சேருவதற்குள், ஓடியிருக்கிறது. ஜோராக ஓடியிருக்கிறது.

இவர் கொடுத்த கண்டென்சரில் அப்படி ஓடவே ஓடாது. அப்படியென்றால் கண்டுபிடித்துவிட்டான். வேறு வாங்கிப் போட்டிருக்கிறான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவிடம் சொல்லியிருந்தால் இன்று காலை இவருக்கு இட்லியா கிடைத்திருக்கும்?

பிறகு ஏன் இத்தனை உதைக்கும் கிளம்பவில்லை?

டேங்குக்கு அடியில் பார்த்தார். பெட்ரோல் டேப் மூடியிருந்தது. வண்டி கிளம்பாவிட்டால் சின்னப் பிள்ளைகூட முதலில் பார்க்கிற இடம். கண்டென்சர் சந்தோஷத்தில் இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டேய், டேப்பைத் திறக்காமலா உதைக்கிறாய் என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஊரே சிரிக்கும். ஏலத்தில் ஒரு மாசம் இதுதான் பேச்சாக இருக்கும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் டேப்பை மூடி, உள்ளே இருந்த பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டவன் அதைத் திறக்க மறப்பானா?

சிவபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் அப்படிச் சத்தம் போட்டாலும் போடட்டும் என்று விட்டுவிட்டவன் போல நின்றான்.

முருகானந்தம் உடம்பால் மறைத்துக்கொண்டு டேப்பைத் திறந்தார். பெட்ரோல் இறங்குகிறவரை கிக்கரைச் சும்மா தடவிக்கொண்டிருந்தார். உதைத்தார்.

ஒரே உதை. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியைத் தள்ளினார்கள், கைதட்டினார்கள். முருகானந்தம் கால் பட்டால் பட்டதுதான் என்று யாரோ கத்தினார்கள். உமா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகப் பார்த்தாள். தம்பியை இல்லை, புருஷனை.

அவருக்கு ஓங்கி அழவேண்டும் போல இருந்தது. பொறாமை போயிற்றா என்று கேட்காதீர்கள், எங்கே போகும்? இத்தனை நாள் அவன் கையைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது அவன் மனசைப் பார்த்து எரிந்தது.

சிவபாலனின் காதோரம் குனிந்தார்.

"எப்ப தெரிஞ்சுது மாப்ள?"

அவன் கையை நீட்டி ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல மச்சான்!"