காதோரம் மாவு

தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று அவளுக்கு ஒரே நடுக்கம். எதைச் சொன்னாலும் நடுவிலிருந்து ஆரம்பிப்பது அவள் வழக்கம். அதிலும் சொல்லப்போவது தம்பியிடம். லாரி ஓட்டுகிறவன். பாதியைக் கேட்டதுமே மீதியைத் தானே முடிவு செய்துகொண்டு வண்டியைக் கிளப்புகிற ரகம்.

அதனால், மத்தியானம் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியதும், கிணற்றடியில் நின்று ஒரு தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தம்பி, பதறாதே. மாமா தினமும் எங்கேயோ போய்வருகிறார். நீ சும்மா எட்டிப் பார்க்க வந்த மாதிரி வந்து, பக்குவமாகப் பேசு.

நன்றாகத்தான் இருந்தது.

போனில் அவன் "என்னக்கா?" என்றதும் அழுகை முந்திக்கொண்டது.

"காதோரம் மாவுடா தம்பி... மில்லுக்காரிடா..." அதற்கு மேல் வரவில்லை.

"கிளம்பிட்டேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

அவர்கள் இந்த அத்துவானத்துக்குக் குடிவந்து மாதம் ஒன்றிரண்டுதான் ஆகிறது. கல்யாணமான நாளிலிருந்து டவுனில் கீழே அச்சகம், மேலே வீடு. அவர் கீழே மிஷினை ஓட்டினால் மேலே அடுக்களையில் டம்ளர்கள் தாமாகவே நடந்து போகும். இந்தத் தடக் தடக்கில் மனுஷி இருப்பாளா, சாவதற்குள் ஒரு நாளாவது சத்தமில்லாத இடத்தில் கண்ணை மூட மாட்டேனா என்று அவள் புலம்பாத நாள் கிடையாது.

ஒரு நாள் அவர் அச்சகத்தையே கைமாற்றிவிட்டு, "வா, போகலாம்" என்று இங்கே கூட்டிவந்துவிட்டார். கூப்பிடு தூரத்தில் வீடு இல்லை. காற்றடித்தால்தான் சத்தம்.

சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டு, சொர்க்கம் என்றால் இதுதான் என்று அவள் பீற்றிக்கொண்டாள். படுத்தால் மட்டும் நூறு யோசனை. தாழ்ப்பாள் போட்டோமா? கூரையில் ஊர்வது என்ன? யாருக்காவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? பயத்தில் கையைக் காலை அசைக்காமல் கட்டை மாதிரி கிடப்பாள். பக்கத்தில் அவர் புரண்டுகொண்டிருப்பார்.

பிறகுதான் இந்த மத்தியான உலாத்தல் ஆரம்பித்தது. சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள், ஒரு நடை போய்வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி. வாயில் ஒரு பாட்டு. காதோரம் மாவு.

வெயிலில் நடந்தவருக்கு வேர்வை இருக்கலாம். மாவு எங்கிருந்து வரும்?

அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒரே ஒரு மாவு மில். அதை ஓட்டுவது புருஷனை இழந்த ஒருத்தி. சின்ன வயசு, களையான முகம். கோதுமை அரைக்கிற சாக்கில் இவள் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்போது தம்பி வேறு கிளம்பிவிட்டான். அவர் மேல் கையை வைத்துவிட்டால்? இத்தனை வருஷத்தில் அவளை ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன். லாரிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக மில்லுக்குப் போனாள்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே மோட்டார் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. மூலையில், தவிட்டு மூட்டைகளின் மேல், வாயைப் பிளந்துகொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மில்லுக்காரி ஓடிவந்து, சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்தாள். அந்த இரைச்சலில்.

பிறகு காதருகே வந்து சொன்னாள். "முதல் நாள் அரைக்க வந்தவரு உட்கார்ந்த இடத்துலயே சாஞ்சுட்டாருக்கா. எழுப்பினா அழுதுடுவார் போல ஆயிட்டாரு. சத்தமில்லாம தூக்கமே வரலையாம். மத்தியானம் எனக்கு அரைக்க ஒண்ணும் இருக்காது. கல்லு தேயக் கூடாதுன்னு பெல்ட்டைக் கழட்டிட்டு, அண்ணனுக்காக மோட்டாரை மட்டும் ஓட விடறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அக்காகிட்ட சொல்லுங்கன்னு நானும் சொன்னேனே. 'வேண்டாம்மா, காலம் பூரா என் மிஷின் சத்தத்துல அவ அரைத் தூக்கம். இங்க வந்துதான் அசையாமத் தூங்கறா. தெரிஞ்சா டவுனுக்கே போயிடலாம்பா'ன்னுட்டாரு."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. வண்டிக் கதவை அறைந்து சாத்திவிட்டு, எங்கே மாமா, எங்கே அந்த மில்லுக்காரி என்று தம்பி கத்திக்கொண்டே வந்தான்.

அவனிடம் விளக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? காதிலிருந்தா, பெல்ட்டிலிருந்தா, டவுனில் தான் புலம்பியதிலிருந்தா? எங்கிருந்து ஆரம்பித்தாலும் முடிவதற்குள் யாராவது ஒருவருக்கு அடி விழுந்துவிடும்.

தப்பிக்க ஒரே வழிதான் தோன்றியது. புருஷன் பக்கத்தில் இருந்த மூட்டையில் சட்டென்று சாய்ந்து, தூங்குகிறவள் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நடிப்புத்தான்.

தம்பி தோளைப் பிடித்து உலுக்கியதோ, மில்லுக்காரி அவனை வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னதோ, அவன் தலையில் அடித்துக்கொண்டு லாரியைத் திருப்பியதோ அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் மோட்டார் நின்றபோதுதான், சத்தம் போய்விட்ட அதிர்ச்சியில், புருஷனும் பெண்டாட்டியுமாகத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.