டைவர்ஸர் என்று ஒரு சொல் இல்லை

காபி வருவதற்குள் பேராசிரியர் இலக்கணத்துக்கு வந்துவிட்டார்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். எதிரே உட்கார்ந்திருந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். அவருக்குத் துணையாக அக்கா, அவளுக்கு அண்ணன். இன்றைக்கே பேசி முடித்துவிட்டால் அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்பது அண்ணனின் அவசரம்.

பேச்சை ஆரம்பித்தது அக்காதான். பெண் டைவர்ஸி என்று தெரிந்துதான் வந்திருக்கிறோம், தம்பிக்குப் பெரிய மனசு, அவனும் இத்தனை வருஷமாகத் தனியாகவே காலத்தை ஓட்டிவிட்டான் என்றாள்.

அண்ணன் நன்றியில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டான்.

பேராசிரியர் கையமர்த்தினார். டைவர்ஸி என்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்றார். அந்தச் சொல்லை மேசைமேல் கிடத்தி, உடம்பு வேறு வால் வேறாக அறுக்க ஆரம்பித்தார்.

வினைச்சொல்லின் வாலில் 'அர்' ஒட்டினால் செய்கிறவர். 'ஈ' ஒட்டினால் செய்யப்பட்டவர். எம்ப்ளாயர் வேலை கொடுப்பார், எம்ப்ளாயீ வாங்கிக்கொள்வார். டிரெயினர் பயிற்சி கொடுப்பார், டிரெயினீ வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வகுப்பில் இந்த இடத்தில் சிரிப்பார்கள் போலிருக்கிறது. சற்று நிறுத்திப் பார்த்தார். அண்ணன் மட்டும் சிரித்தான்.

ஆகவே டைவர்ஸி என்றால், பாவம், தன்பாட்டுக்கு இருந்தவள். வேறு யாரோ செய்துவிட்டுப் போனது. அந்த 'ஈ'யே அவளை நிரபராதி என்று சொல்லிவிடுகிறது.

அப்படியானால் செய்தவரை என்னவென்று சொல்வது, டைவர்ஸரா என்று கேட்டாள் கடைக்காரி.

நல்ல மாணவி கிடைத்துவிட்ட பூரிப்பு அவருக்கு. அப்படியொரு சொல் வழக்கில் இல்லை என்றார்.

"அது நான்தாங்க. மனு போட்டதே நான்தான்."

அண்ணன் மேசைக்கடியில் அவள் காலைத் தேடி மிதித்தான். மிதிபட்டது அக்காவின் கால்.

வலியிலோ கோபத்திலோ அக்காவின் குரல் ஏறியது. குடியா, அடியா, வேறு பெண் சகவாசமா, அந்த மனுஷனிடம் அப்படி என்னதான் குறை என்று கேட்டாள்.

கடைக்காரி கொஞ்சம் யோசித்தாள். பழைய கணவர்மேல் அபாண்டம் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுங்க. எந்நேரமும் எனக்கு எதையாவது விளக்கிக்கிட்டே இருப்பாரு."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. விளக்கம், அதாவது எக்ஸ்ப்ளனேஷன். வினையோடு 'ஷன்' சேரும்போது நடுவிலே ஓர் எழுத்து கழன்று விழும், அது ஏனென்றால், என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் நிறுத்தவில்லை.

கடைக்காரி சொன்ன அதே வாக்கியத்தை அக்கா ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். குடும்ப நீதிமன்றத்தில், தம்பி மனைவியின் வாயால்.