திரும்பி வந்த மதகு உத்தரவு

வாய்க்கால் மதகைத் திறக்கும் உத்தரவு, பொறியாளர் விஜயலட்சுமியின் ஒப்புதலுக்குப் போகாமலே மின்னஞ்சலில் திரும்பி வந்தது.

"நிராகரிக்கப்பட்டது. மதகுக்குள் ஒருவர் இருக்கிறார்."

சர்வரைப் பராமரிக்கும் சதீஷ் ஒப்புதல் வரிசையைத் திறந்தான். அதில் ஏற்கவோ நிராகரிக்கவோ விஜயலட்சுமியைத் தவிர யாருமில்லை.

விஜயலட்சுமி, மதகடியில் காத்திருந்த வாய்க்கால் ஊழியரான லஸ்கர் காயாரோகணத்தை ஃபோனில் பிடித்தார்.

"ஆகாயத்தாமரைதாங்கம்மா அடைச்சு நிக்குது. எதுக்கும் எறங்கிப் பாத்துடறேன்."

"சீக்கிரம் பாருங்க. கடைமடையில பயிர் காயுது."

சதீஷ் வரிசையை அழித்துப் புதிதாகப் போட்டு உத்தரவை அனுப்பினான். உடனே திரும்பியது.

"மதகுக்குள் இருவர் இருக்கிறார்கள்."

விஜயலட்சுமி அழைத்தார். வெகுநேரம் அடித்தபின் காயாரோகணம் எடுத்தார்.

"மேல ஏறிட்டேங்கம்மா. உள்ள ஒருத்தரும் இல்ல."

சதீஷ் மறுபடி அனுப்பினான்.

"ஏற்கப்பட்டது. இருவரும் கரையேறிவிட்டார்கள்."