பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் தோசை

பிரிட்ஜின் திரை செத்ததிலிருந்து கதவு திறக்கவில்லை. வீட்டில் யார் எப்போது எதைச் சாப்பிடலாம் என்று சொல்வதே அந்தத் திரைதான். தோசை மாவெல்லாம் உள்ளே சிறைப்பட்டுக் கிடந்தது.

"புதுசு வர நாளாகும்க்கா. வேற வீட்டுல கழட்டுன திரைய மாட்டிருதேன்," என்றான் மெக்கானிக் இசக்கி.

திரை பளிச்சென்று எரிந்ததும் செண்பகவல்லி கைதட்டினாள். கணவர் ஞானதுரை முந்திக்கொண்டு போய் நின்றார். கதவு அசையவில்லை.

"முதல்ல பிள்ளைத்தாய்ச்சி சாப்பிடணும். நீங்க தோசை சுட்டுக் குடுங்க," என்றது பிரிட்ஜ்.

"எவ பிள்ளைத்தாய்ச்சி? இவளுக்கு அம்பத்தாறு வயசு!"

இசக்கி சிரித்துவிட்டான். "அந்த வீட்டுப் பொண்ணு மாசமா இருந்துச்சு அண்ணாச்சி. திரைக்கு அந்த ஞாபகம் போகலை. அக்கா சாப்பிட்டு முடிச்சாத்தான் அழிக்க முடியும்."

ஞானதுரைக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. சரியென்றதும் கதவு திறந்தது. மாவை எடுத்துக் கல்லில் ஊற்றினார். முதல் தோசை இலங்கை வரைபடம் மாதிரி வந்தது.

செண்பகவல்லி உட்கார்ந்து பிட்டு வாயில் போட்டாள். கல்யாணமான நாள் முதல் எல்லாருக்கும் போட்டுவிட்டு, ஆறிப்போனதையே தின்றவள். நாக்கு சுட்டது. சுடச்சுட அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"இன்னொண்ணு போடுங்க. முறுகலா!"

அவள் தட்டை வழித்து முடித்ததும், "ஏ இசக்கி, அழிடே," என்றார் ஞானதுரை.

செண்பகவல்லி துள்ளி எழுந்து பிரிட்ஜை மறித்து நின்றாள்.

"தொட்டுராத தம்பி! பிள்ளை பெறக்க இன்னும் பத்து மாசம் கெடக்குல்லா?"