கோமளத்தின் உள்ளங்கை

நாங்கள் வந்திருக்கும் வெளிநாட்டு ஊரில் சாலையோரம் போய் நின்றாலே வண்டிகள் நின்றுவிடும். ஆனாலும் என் மனைவி கோமளம், நம்மூரைப் போலவே உள்ளங்கையை நீட்டிக்கொண்டுதான் குறுக்கே நடப்பாள்.

“அதான் பஸ் நின்னுடுச்சே, எதுக்குக் கையை நீட்டுற?”

“கை காட்டாம எப்படிங்க ரோட்டைத் தாண்டுறது?”

முதல் நாளே ஓட்டுநர் அதை வணக்கமென்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார். பின்னாலிருந்த பயணிகளும் அசைத்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அப்புறம் தினமும் காலையில் இதே கூத்து.

நேற்று அவள் தலைவலியென்று படுத்துவிட்டாள். நான் மட்டும் கடைக்குப் போய்த் திரும்பினேன். அதே பேருந்து நின்றது. விறுவிறுவென்று கடந்துவிட்டேன். பேருந்து நகரவில்லை. திரும்பிப் பார்த்தால், சன்னலுக்குச் சன்னல் உயர்த்திய கைகள். என் இரு கைகளிலும் சாமான்கள். முழநீள ரொட்டியை அப்படியே தூக்கிக் காட்டினேன்.